ஏலக்காட்டில் வைத்த மைக்

போடியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னுடைய முனைவர் பட்ட ஆய்வைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திரவக் கலவைகளுக்குள் மீயொலி எந்த வேகத்தில் போகிறது என்பது என் ஆய்வு. மனிதக் காதுக்குக் கேட்காத சத்தத்தை, யாரும் வாயில் வைக்காத திரவங்களுக்குள் அனுப்பி, மறுபக்கம் வந்து சேர்வதை அளந்துகொண்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்விகளோடு அந்தப் பேச்சு முடிந்தது. பைண்டு செய்த தடித்த புத்தகம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

நான் கடலோர ஊர்க்காரி. மலை இருக்கும் ஊரில் வாழ்வேன் என்று நினைத்ததில்லை. கல்லூரியில் இடம் கிடைத்தபோது என் கல்யாணம் முறிந்து, அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணன் வீட்டில் எனக்கென்று ஒரு மூலை இருந்தது. அந்த மூலையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் போடிக்கு வந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. கீழே ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடம். முதல் வாரம் அந்த வாசனை தலையை வலிக்க வைத்தது. அப்புறம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பாயசம் கொண்டு வந்திருக்கியா?" என்பாள்.

வார நாட்கள் ஓடிவிடும். சனி, ஞாயிறுதான் நகராது. காய்கறிக் கடையில் ஒன்றிரண்டு வார்த்தை பேசினால் உண்டு. திங்கட்கிழமை முதல் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்க வாயைத் திறக்கும்போது குரல் கரகரத்து வரும். பிள்ளைகள் எனக்கு எப்போதும் சளி பிடித்திருப்பதாக நினைத்தார்கள்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறையும் விலங்கியல் துறையும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு நடை, அவ்வளவுதான். யாருக்கும் யார் மேலும் கோபம் கிடையாது. தீபாவளிக்குப் பலகாரம் போகும், வரும். ஆனால் வேலை விஷயமாக அந்த நடையை நான் தாண்டியதில்லை, அவர்களும் தாண்டியதில்லை. எங்கள் துறைத்தலைவர் எதிர்ப்பக்கத்தைக் கையால் காட்டி, "தவளைக் காரங்க" என்பார். அவர்கள் எங்களை என்ன சொன்னார்களோ தெரியாது.

ஒருநாள் விலங்கியல் துறைக் கூட்டத்தில் பேச ஒரு பெண் விஞ்ஞானி வந்திருந்தார். மலைக்கு மேலே, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பூச்சிகளைப் பற்றி ஆராய்பவர். கூட்டம் முடிந்து வண்டி வரத் தாமதமானதால் நடையில் உலாவிக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வகக் கதவில் 'ஒலியியல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே தலையை நீட்டினார்.

"டீச்சர், இங்க சத்தத்தப் பத்திப் படிச்சவங்க ஆராவது உண்டா?"

"நான்தான் மேடம். ஆனா நான் படிச்சது காதுக்குக் கேக்காத சத்தம்."

"செரி, எனக்கும் அதுதான் வேணும்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "ஏலப்பூ எங்க பூக்கும்னு அறியுமோ?"

ஏலக்காய்க் கூடத்துக்கு மேலே குடியிருந்தவள் நான். செடியின் உச்சியில் என்று சொன்னேன்.

"தரையில டீச்சர். செடி ஆள் உசரத்துக்கு மேல நிக்கும். பூ, அடியில மண்ணோட மண்ணா ஒரு சரம் மாதிரிப் படந்து கெடக்கும். தேனீச்ச அங்கதான் வரும். எத்தன வருது, எப்ப வருதுன்னு பாக்கணும்னா நாம குனிஞ்சு உக்காரணும். நம்ம நெழலு விழுந்தா அது போயிரும். இருந்தாலோ அட்ட கடிக்கும். அதான், ஒரு மைக்க வச்சிட்டு நாம தள்ளி மாறிப் போயிட்டா எப்படின்னு ஒரு ஆலோசன."

என் படிப்பால் ஆகக்கூடிய காரியம் ஒன்றை முதன்முறையாக ஒருவர் கேட்டார். முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். முடியுமா என்று எனக்கு அப்போது தெரியாது.

துறைத்தலைவர் அனுமதி கொடுத்தார். "சனிக்கிழமையில போறதுன்னா போங்க மேடம். ஆனா அது நம்ம சப்ஜெக்ட் இல்ல, பாத்துக்கங்க," என்றார்.

அப்படித்தான் என் சனிக்கிழமைகள் மாறின. பொழுது விடியுமுன்னே போடியிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். அவற்றில் ஒன்றில் நானும் ஏறிக்கொள்வேன். மைக்குகளை மழை படாமல் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, வாய்ப்பக்கம் பஞ்சு அடைத்து, ஒரு பையில் மடிமேல் வைத்திருப்பேன். முதல் நாள் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தத் தோட்டத்துக்குத்தா காயெடுக்கப் போறீக?"

"காயெடுக்க இல்லம்மா. தேனீ சத்தத்தப் பதிவு பண்ணப் போறேன்."

ஜீப்பு முழுக்கச் சிரிப்பு. "தேனீக்கு என்னாத்துக்கு ஆத்தா மைக்கு? ஓட்டுக் கேக்கப் போகுதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஏண்டி, அவுக சோலிய அவுக பாக்குறாக, விடு," என்று முதலில் கேட்டவரே அடக்கினார். பிறகு என்னிடம், "கொட்டிறாமப் பாத்துக்கங்க," என்றார். வளைவுகளில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டே போவோம். வாரத்தில் வேறு எந்த நாளிலும் என்மேல் ஒரு மனிதத் தோள் பட்டதில்லை.

மேலே சாலை முனையில் நிலையத்து ஜீப்போடு அந்த விஞ்ஞானி நிற்பார். மேடம் என்று கூப்பிட்டதை இரண்டாவது வாரமே தடுத்துவிட்டார். "அக்கான்னு விளிச்சா மதி, அது போதும். மேடம்னா எனக்கு ஆபீஸ் நெனப்பு வரும்." ஆனால் என்னை அவர் கடைசிவரை டீச்சர் என்றுதான் அழைத்தார். அவருடைய அப்பா, அம்மா இருவரும் ஏலத்தோட்டத்தில் வேலை செய்த தமிழர்கள். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, மலையாளத்தில் கல்லூரி முடித்தவர். பேச்சில் இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். கணவர் வேறு மாவட்டத்தில் வங்கியில் இருந்தார். மகன் வெளிநாட்டில். நிலையத்துக் குடியிருப்பில் அவரும் தனியாகத்தான் இருந்தார். அதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் எனக்கும் சேர்த்துக் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக் கொண்டுவருவார். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன்.

ஏலப்பூவை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஈர மண்மேல் வெள்ளையாக, உள்ளே ஊதா வரிகளோடு ஒரு சின்ன உதடு. அதற்குள் தேனீ தலையைக் கொடுத்து நுழையும்போது ரீங்காரச் சத்தம் ஒரு கணம் அடங்கி, வெளியே வந்ததும் மறுபடி எழும். இந்தச் சத்தத்தைக் கணினியில் போட்டு ஒரு படமாக ஆக்கினேன். நேரம் இடமிருந்து வலமாக ஓடும். தாழ்ந்த ஒலி கீழே, உயர்ந்த ஒலி மேலே. சத்தம் பலமான இடத்தில் நிறம் கூடும். தேனீ வந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகள் தெரியும். பூவுக்குள் போகும்போது கோடுகள் மங்கும். அக்கா அந்தப் படங்களைப் படிக்க வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டார். என் மாணவர்களைவிட, சொல்லப்போனால் என்னைவிடவும் வேகமாக.

எங்களுக்குள் முதல் சண்டை மழையால் வந்தது. தென்மேற்குப் பருவத்தில்தான் ஏலம் நன்றாகப் பூக்கும். இலைகளில் விழும் மழைச்சத்தம் பதிவுகளைக் கெடுத்தது. நான் ஒரு வாரம் உட்கார்ந்து மழை வரும் இடங்களையெல்லாம் வெட்டி, சுத்தமான தேனீச் சத்தத்தை மட்டும் கோத்து அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை அவர் முகம் சரியில்லை.

"மழ எங்க, டீச்சர்?"

"அது இரைச்சல்க்கா. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா!" தலையில் கை வைத்துக்கொண்டார். "மழ நின்னு எவ்வளவு நேரம் கழிச்சு மொத தேனீச்ச வருதுன்னுதானே நான் பாக்குறது? தோட்டக்காரங்க மழ விட்ட உடனே மருந்தடிக்கக் கெளம்புறாங்க. அந்த நேரம் தேனீச்ச வர்ற நேரமா, இல்லையா? நீங்க வெட்டி எறிஞ்ச எடத்துலல்லே எனக்கு வேண்டியது இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார உழைப்பு. இரைச்சலை நீக்குவதுதான் நான் இருபது வருடமாகப் படித்ததும் கற்பித்ததும். மழையைத் திருப்பி வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் காட்டின் காலைப்பொழுது முழுதாகத் தெரிந்தது. மழை ஒரு பெரிய கறைபோல வந்து, மெலிந்து, சொட்டுகளாகி, அந்தச் சொட்டுகளுக்கு நடுவே முதல் தேனீயின் கோடுகள் எழுந்தன. அக்கா கேட்டது அந்த இடைவெளியைத்தான்.

இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொன்னால் என்ன என்று தோன்றியது. இரண்டு துறைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு மதியம் வகுப்பெடுக்க முதல்வர் ஒப்புக்கொண்டார். அக்கா கீழே இறங்கி வந்தார். இயற்பியல் பிள்ளைகள் இடப்பக்கமும் விலங்கியல் பிள்ளைகள் வலப்பக்கமும் உட்கார்ந்தார்கள். நடுவில் யாரும் சொல்லாமலே ஒரு வழி விட்டிருந்தார்கள். நான் அலைகளைப் பற்றிப் பேசியபோது வலப்பக்கம் ஜன்னலைப் பார்த்தது. அக்கா பூவைப் பற்றிப் பேசியபோது இடப்பக்கம் மேசைக்கடியில் போனைப் பார்த்தது. கடைசியில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், இது எந்த பேப்பர்ல வரும்?"

"எந்த பேப்பர்லயும் வராதும்மா."

பேனாக்களை மூடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள்மேல் தப்பில்லை. அக்கா வெளியே வந்ததும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் மலைக்குத் திரும்பிவிடுவார்; அந்த நடையில் தினமும் நடக்கப்போவது நான்.

பதிவுகளைத் தொகுக்கும் வேலைக்காக அவர் அறையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தோம். மலையில் மின்விசிறி தேவையில்லை, வெளியே மூடுபனி. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மிக அருமையாக ஒரு பதிவு அமைந்திருந்தது. கேளுங்க அக்கா என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டி, மடிக்கணினியில் பொத்தானை அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல அசைத்தார். "நல்லா இருக்கு, டீச்சர். நல்லா க்ளியரா வருது."

நான் திரையைப் பார்த்தேன். பதிவு ஓடவே இல்லை. தவறி நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருந்தேன்.

 சத்தமில்லாமல் பொத்தானை மறுபடி அழுத்தி ஓடவிட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதே அசைவுதான். பழைய காரியங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உறுமிக்கொண்டு ஏறும் ஜீப்பில் நாங்கள் அத்தனை கதை பேசுவோம். தோட்டத்து அமைதியில் கேட்டால் "என்னது?" என்பார். முதல் நாள் எங்கள் ஆய்வகத்தில் மின்விசிறி ஓடியது. இரைச்சலில் நாம் எல்லோரும் நம்மை அறியாமல் குரலை உயர்த்திப் பேசுகிறோம். அவருக்கு இரைச்சலில்தான் மனிதர்களின் குரல் கேட்டது. அமைதியில் எல்லோரும் போய்விடுவார்கள்.

கண்ணைத் திறந்தபோது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, சுருட்டி, மேசைமேல் வைத்தார். "படத்தக் காட்டுங்க," என்றார். காட்டினேன். அதன்பிறகு நான் எப்போதும் அவர் முகத்துக்கு நேரே நின்று, சற்று உரக்கப் பேசினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த பூக்காலம் தொடங்கும்போது நிலையத்தில் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூர்களிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார். நீண்ட கூடம், கம்பளம் விரித்த தரை, அமைதி. அக்கா பேசியது மிக நன்றாக இருந்தது. கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், எத்தனை தோட்டங்களில் பதிவு செய்தீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அக்கா, எந்த மருந்து தேனீயை அதிகம் பாதிக்கிறது என்று நீளமாகப் பதில் சொன்னார். கேட்டவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. அக்காவுக்குச் சிரிப்பு கேட்கவில்லை, முகங்கள் தெரிந்தன. கையிலிருந்த தாளில் எதையோ தேடத் தொடங்கினார்.

நான் எழுந்து மேடைப் பக்கம் போய் அவர் அருகில் நின்றுகொண்டேன். அடுத்த கேள்வி வந்ததும், "கேள்வி என்னன்னா..." என்று அவரைப் பார்த்து உரக்கத் திருப்பிச் சொன்னேன். அதற்கடுத்ததையும் அப்படியே. கூட்டு ஆய்வில் அது வழக்கம்போல, நான் கூட்டத்தை நடத்துகிறவள்போல. மீதி எல்லாக் கேள்விகளுக்கும் அவர் சரியாகப் பதில் சொன்னார். கைதட்டினார்கள். காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

வெளியே மூடுபனியில் நின்றபோது அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கு அறியும். ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா சாரமில்ல, போகட்டும்னு இருந்தேன். இப்ப மொத்தக் கூடமும் அறிஞ்சாச்சு."

"அக்கா, அந்த நேரத்துல வேற என்ன..."

"தேனீச்சயப் பத்தி நாம சேந்து பண்ணது ஆராய்ச்சி. என் காது உங்க ஆராய்ச்சி இல்ல, டீச்சர்."

ஜீப்பில் ஏறினேன். ஓட்டுநர் போடி வரை தனியாகவே பேசிக்கொண்டு வந்தார். 

அடுத்த சனிக்கிழமை போனால் சாலை முனையில் யாரும் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவருக்குப் போனில் பேசுவது எப்போதும் பிடிக்காது; காரணம் இப்போது தெரிந்திருந்தது. அதற்கு அடுத்த வாரம் நான் போகவில்லை. ஆனால் சில நாட்களில் தோட்ட ஜீப்பு ஓட்டுநர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு சின்ன உறையைக் கொடுத்தார். "மேல இருந்து அம்மா குடுத்து விட்டாக." உள்ளே பதிவுகள் இருந்த மெமரி கார்டு மட்டும் இருந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை. நான் பதிவுகளைப் படங்களாக்கி அதே ஓட்டுநரிடம் திருப்பி அனுப்பினேன். நானும் ஒன்றும் எழுதவில்லை.

அந்தப் பூக்காலம் முழுக்க அப்படியே போனது. அவர் தனியாக டப்பாக்களை வைத்து எடுத்தார். நான் தனியாகக் கேட்டேன். மாலை நேரங்களில் கீழே கூடத்தில் வேலை நின்ற பிறகு ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். மழை வரும், விடும். தேனீக்கள் வரும். சில நேரம் தொடக்கத்திலோ முடிவிலோ ஈர மண்ணில் ரப்பர் செருப்பு மிதிபடும் சத்தம் கேட்கும். டப்பாவின் மூடியைத் திறக்கும் சத்தம். ஒருமுறை ஒரு தும்மல், பின்னால் "ஐயோ" என்று மெதுவாக ஒரு குரல். அந்த இடத்தை மட்டும் நான் பலமுறை திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்படி ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யவும் முடியும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை நன்றாகவே நடந்தது. என் குரல்தான் மறுபடி திங்கட்கிழமைகளில் கரகரக்கத் தொடங்கியது.

மழைக்காலம் முடிந்து ஒரு மதியம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அக்கா. மதுரையிலிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு பெரிய உறை. கீழே ஏலக்காய் சலிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எங்களால் நன்றாகப் பேச முடிந்தது.

"காது பாத்துட்டு வர்றேன். இத என்னான்னு சொல்லுங்க. டாக்டர் சொன்னதும் எனக்கு ஒந்நும் மனசிலாகல. கோடு கோடா இருக்கு. இது உங்க சப்ஜெக்டாக்கும்."

கேட்கும் திறனை அளந்த வரைபடம். நான் வாழ்க்கையில் வரைந்த எத்தனையோ வரைபடங்களைப் போலத்தான் இருந்தது. ஒருபக்கம் ஒலியின் உயரம், மறுபக்கம் எவ்வளவு பலமாக இருந்தால் கேட்கிறது என்பது. தாழ்ந்த ஒலிகளில் கோடு வெகு கீழே, காது மந்தம் என்று காட்டும் இடத்தில் கிடந்தது. காதுக்குள் இருக்கும் மிகச் சின்ன எலும்பு ஒன்று இறுகிப் போயிருக்கிறது, அது அதிராததால் சத்தம் உள்ளே போகவில்லை என்று மருத்துவர் எழுதியிருந்ததை நான் அவருக்கு எளிமையாகச் சொன்னேன். பிறகு பென்சிலை எடுத்து ஒரு இடத்தில் புள்ளி வைத்தேன்.

"தேனீ இங்க இருக்குக்கா."

அந்தப் புள்ளி அவருக்குக் கேட்காத பகுதிக்குள் இருந்தது. அதை விரலால் தொட்டார். "சின்ன வயசுல பத்து செடி தள்ளி நின்னே சொல்லுவேன், எந்தச் செடியில வந்திருக்குன்னு. அதாக்கும் என்னைய இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. நாலஞ்சு வருசமா இல்ல. ஆரு கிட்ட சொல்றது? பூச்சிக்காரிக்குப் பூச்சி கேக்கலன்னு?" என்றார். பிறகு, "உங்க குரல் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பெண் குரலின் அடியொலிக்கு இன்னொரு புள்ளி வைத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றன.

"அப்ப உங்களயும் நான் சரியாக் கேட்டதே இல்லையோ?"

"ஜீப்புல கத்துனது கேட்டிருக்கும்."

இருவரும் சிரித்தோம். அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "ஓப்பரேசன் பண்ணலாங்கிறாங்க. பேடியா, பயமா இருக்கு. கூட வர்றீங்களா?" என்றார். அவர் கணவருக்கு விடுப்பு ஒருநாள்தான் கிடைத்தது. மீதி நாட்கள் மதுரையில் மருத்துவமனை நாற்காலியில் நான் இருந்தேன். "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள். கூட ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். அவள் புரியாமல் பார்த்துவிட்டு, 'உறவினர்' என்று எழுதிக்கொண்டாள்.

ஒரு காதில்தான் செய்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு சில வாரம் தட்டு வைக்கும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டார். அடுத்த பூக்காலத்தில் ஒரு காலை, மழை விட்ட பிறகு, இருவரும் தோட்டத்துக்குப் போனோம். அவர் ஒரு செடிக்குச் சற்றுத் தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் பொறுக்க முடியாமல், "கேக்குதாக்கா?" என்றேன்.

"மிண்டாதீங்க," என்று கையை உயர்த்தினார்.

நான் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அட்டை ஒன்று என் கணுக்காலில் ஏறுவது தெரிந்தும் அசையவில்லை. அவர் வெகுநேரம் அப்படியே இருந்தார். எழுந்தபோது என்னைத் தாண்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த மூணாவது செடியில ரெண்டு," என்றார்.

எங்கள் கட்டுரை வெளிவரத் தாமதமானது. ஒரு இயற்பியல் இதழ், இது உயிரியல், அங்கே அனுப்புங்கள் என்றது. பூச்சியியல் இதழ் ஒன்று, கணக்கும் கருவியும் அதிகம், எங்கள் வாசகர்களுக்கு ஆகாது என்றது. கடைசியில் ஒரு சின்ன இதழ் போட்டது. மழை விட்டதும் தேனீ வருகிறது, அந்த நேரத்தில் மருந்தடிக்காமல் பிற்பகலுக்குத் தள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். சில தோட்டக்காரர்கள் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. துறைத்தலைவர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்து, "நம்ம சப்ஜெக்ட் பட்டியல்ல இந்த ஜர்னல் இல்லையே மேடம்," என்றார். அக்காவின் நிலையத்து அறிக்கையில் அது 'பிற பணிகள்' என்ற தலைப்புக்குக் கீழே வந்தது.

அதே ஆண்டு அவருக்குப் பதவி உயர்வோடு கர்நாடகப் பக்கம் மாற்றல் வந்தது. மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. கிளம்பும் முன் கடைசிச் சனிக்கிழமை கப்பை வேகவைத்துக் கொண்டுவந்தார். "அங்கயும் ஏலம் உண்டு. அங்க ஒரு பிசிக்ஸ் டீச்சரத் தேடணும்," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "வெறுதே சொன்னேன்," என்றார். இப்போது எப்போதாவது செய்தி அனுப்புவார். ஒரு பூ, ஒரு பூச்சி, பேரனின் படம். நான் பதில் அனுப்புவேன். புதிய ஊரில் அவருக்கு வேலை அதிகம்.

அவர் இடத்துக்கு வந்தவர் செடி நோய்களைப் பற்றி ஆராய்பவர். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். "தேனீ என் ஏரியா இல்லை மேடம். மைக்கெல்லாம் இங்கே கிடந்தால் கெட்டுப்போகும். எடுத்துக்கொள்கிறீர்களா?" என்றார். ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி ஜீப்பில் ஏற்றிவிட்டார். ஆய்வகத்தில் பழைய கருவிகள் இருக்கும் அலமாரியில் வைத்தேன். எங்கள் மாணவர்கள் இப்போது அந்த அலமாரிக்குப் பக்கத்தில் இசைக்கவைச் சோதனை செய்கிறார்கள். ஒலியின் வேகத்தைக் கண்டுபிடித்து, ஏட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

போன பருவமழையின்போது ஒரு சனிக்கிழமை, காரணம் எதுவும் இல்லாமல் போடிமெட்டு வரை மட்டும் போகும் பஸ்ஸில் ஏறி அங்கே இறங்கினேன். தோட்டத்துக்குள் போக எனக்கு இனி வேலை இல்லை. சாலையோரக் கடையில் டீ குடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே நின்றன. அடியில் பூத்திருக்கும், சாலையிலிருந்து தெரியாது. மேகம் ஏறிவந்து செடிகளை மூடியது. மழை பிடித்ததும் கடைக்கூரைக்குள் ஒதுங்கி நின்றேன். நான் ஏறிவந்த பஸ்ஸே திரும்பி வந்தது. கண்டக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"என்னா டீச்சர், போனதும் திரும்பிட்டீக? சோலி முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஷட்டரை இறக்கிவிட்டேன். ஈரமான குடையை மடியில் படாமல் எங்கே வைப்பது என்று பார்த்து, கடைசியில் பக்கத்துக் காலி இருக்கையில் வைத்துக்கொண்டேன்.